ஏழுக்குப் பின் ஆறு

6 ஜனவரி 1983

அன்புள்ள அக்கா,

உன் படப்பெட்டி நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. எட்டு ரீலும் நலம், நானும் நலம், அந்த வரிசையில் வைத்துக்கொள். இந்த நாட்டுச் சுங்கத்தில் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள்.

திரைப்பட விழாவில் இந்த வருஷம் எனக்கு இரண்டு வேலை. போட்டிக்கு வந்திருக்கும் இருபத்தொரு படங்களின் ரீல்களையும் சரிபார்த்து, படம் ஓட்டும் ஆபரேட்டரிடம் கொடுக்க வேண்டும். பிறகு நடுவர்கள் ஐந்து பேரும் படம் பார்க்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

போட்டியில் உறவினர் யாராவது உண்டா என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். உன்னை எழுதினேன். செயலாளர் அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "அக்கா யாரு, டைரக்டரா? நடிகையா?"

"எடிட்டர்."

"அப்ப பரவாயில்ல. எடிட்டரை எல்லாம் யாரு கவனிக்கறாங்க" என்று முத்திரை குத்திவிட்டார். உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உன் படம் பதினான்காம் தேதி நடுவர்களுக்கு, பதினாறாம் தேதி பொதுமக்களுக்கு. கதைகூட எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாய், அதனால் நானும் அன்றைக்குத்தான் பார்ப்பேன். முடிவு வரும்வரை எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடிதம் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே.

உன் வாலு


27 ஜனவரி 1983

என் அருமை வாலு,

தந்தி கிடைத்தது. சிறந்த படத்தொகுப்பு. மூன்று முறை படித்துவிட்டு, தந்தி கொண்டுவந்தவரையும் படிக்கச் சொன்னேன். அவர் பயந்துவிட்டார்.

பதினோரு வருஷமாக "ஏம்மா" என்று கூப்பிட்ட தயாரிப்பாளர் இப்போது "மேடம்" என்கிறார். புதிதாக இரண்டு படம் தேடி வந்திருக்கிறது, ஒன்று அவருடையது. அம்மா பக்கத்து வீட்டில் நான் சினிமாவில் நடித்துப் பரிசு வாங்கியதாகச் சொல்லிவிட்டாள். திருத்தப் போனால் அவள் முகம் வாடிவிடும், விட்டுவிட்டேன்.

நேற்று டைரக்டர் விருதுப் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் நடுவர்கள் எழுதியிருப்பது இது: "இறந்த தந்தையின் அறையைக் காலி செய்த பிறகு, அதே அறையில், அதே நாற்காலியில் அவரை மறுபடி உட்காரவைத்துப் பேசவைத்த துணிவுக்காக."

நான் யாரையும் மறுபடி உட்காரவைக்கவில்லை. ஆறாவது ரீலில் அப்பாவும் மகளும் சண்டை போடுகிறார்கள். ஏழாவதில் அவர் இல்லை, அவள் அறையைக் காலி செய்கிறாள். இதுதான் நான் வெட்டி ஒட்டியது. டைரக்டரிடம் கேட்டேன். "நடுவருங்க அப்படித்தாம்மா, கவிதையா ஏதாவது எழுதுவாங்க. விடுங்க" என்றார். பதினாறாம் தேதி அவர் பார்த்தபோது வரிசை சரியாகத்தான் இருந்ததாம்.

பதினான்காம் தேதி நடுவர்கள் படம் பார்த்தபோது நீ அங்கே இருந்தாய். எந்த வரிசையில் ஓடியது? ஒரு வரி எழுது, போதும்.

அக்கா


5 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்கா,

ஏழு ஓடியது, அதற்குப் பிறகு ஆறு ஓடியது.

ஒரு வரியோடு நிறுத்த எனக்கு உரிமை இல்லை. சுங்கத்தில் திறந்தவர்கள் அந்த இரண்டு ரீலையும் டப்பா மாற்றி வைத்து மூடியிருக்கிறார்கள். ஒவ்வொரு ரீலையும் கொஞ்சம் பிரித்து, ஃபிலிமின் தொடக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணும் டப்பா மேல் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் என் வேலை. இருபது படங்களுக்குப் பார்த்தேன். உன்னுடையதைப் பார்க்கவில்லை. அது நீ கட்டிய பெட்டி. துவைத்த துணியைக்கூட வரிசை மாறாமல் மடிக்கிறவள் நீ. ஃபிலிமில் நீ எண் போடுவதில்லை, 'ஆறு', 'ஏழு' என்று எழுத்தால் எழுதுவாய். ஆபரேட்டருக்கு நம் மொழி தெரியாது, அவர் டப்பாவை நம்பினார். "பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். "பாத்தாச்சு" என்றேன்.

படம் ஓடும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் காலி அறையில் அந்த மனிதர் திரும்பி வந்து உட்கார்ந்து மகளோடு வாதாடியபோது, நீ அப்படித்தான் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். குறிப்பு எடுக்க முடியவில்லை. எந்தப் படமானாலும் அரை மணியில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொள்ளும் நடுவர் குழுத் தலைவர், செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பொதுக் காட்சிக்காகப் பிரித்தபோதுதான் பார்த்தேன். மாற்றி வைக்க இரண்டு நிமிஷம் ஆனது. நடுவர்கள் முடிவு செய்ய இன்னும் நான்கு நாள் இருந்தது. சொல்லியிருந்தால் மறுபடி போட்டுக் காட்டியிருப்பார்கள், அதற்கு விதி இருக்கிறது. ஆனால் அவர்கள் உன் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இருபத்தொரு படத்தில் ஓர் எடிட்டரின் பெயரை அவர்கள் கேட்டு எழுதிக்கொண்டது அது ஒன்றுதான். சொல்லவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. முதலில் எழுதியிருக்க வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் தங்கை


15 பிப்ரவரி 1983

தங்கைக்கு,

மூன்று நாள் பேனாவை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நாம் இரண்டு பேரும் பிற்பாடு வருத்தப்பட்டிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் யாரும் இல்லை. ஏழாவது ரீலை முன்னால் போட்டு, ஆறாவதைப் பின்னால் போட்டு, தனியாக ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நான் செய்ததைவிட நன்றாக இருக்கிறது. நாலு மாதம் இந்த மேசையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தோன்றவில்லை. சாப்பிடப் போகிற அவசரத்தில் யாரோ ஒரு சுங்கக்காரர் மூடியிருப்பார், அவர் கைக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்குத்தான் பத்திரம் போக வேண்டும். விலாசம் தெரியவில்லை.

டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். "வெளிய மூச்சு விடாதீங்கம்மா. அதே வரிசையில ரிலீஸ் பண்ணிடுவோம்" என்றார். பண்ணட்டும், படம் அவருடையது. விருது என்னுடையது இல்லை.

விழாக் குழுவுக்கு எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. நடந்ததைச் சொல்லி, விருதைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் மொழியில் பெயர்த்து, தட்டச்சு செய்து நீயே கொடு. உன்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "ரீல்கள் எப்படி மாறின என்று எனக்குத் தெரியாது" என்று முடித்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

அக்கா


26 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்கா,

பெயர்த்துக் கொடுத்துவிட்டேன். கடைசி வரி வரைக்கும் உன் வார்த்தைதான். கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டேன். அதைத் தட்டச்சு செய்ய மூன்று தாள் மாற்றினேன், முடியவில்லை. அந்த இடத்தில் இப்படிப் போட்டேன்: "ரீல்களைச் சரிபார்க்க வேண்டியவள் உங்களிடம் வேலை பார்க்கும் என் தங்கை. அவள் சரிபார்க்கவில்லை. தெரிந்த பிறகும் சொல்லவில்லை."

செயலாளர் அம்மாள் நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து ஒரு தடவை படித்தார். "குடுத்த விருதைத் திரும்ப வாங்க எங்ககிட்ட விதியே இல்லையே" என்றார். பிறகு, "இனிமே படிவத்துல எடிட்டரையும் சேக்கணும்" என்றார். ஐந்து நடுவர்களுக்கும் கடிதத்தின் நகல் போகிறது. அவர்கள் என்ன சொன்னாலும் விழாப் பட்டியலில் உன் பெயருக்கு நேரே ஒரு குறிப்பு சேரும். என்னிடம் கோபமாக எதுவும் பேசவில்லை. ரீல் அறைச் சாவியை மட்டும் கேட்டார். கொடுத்தேன்.

உன் கடிதத்தை உன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டேன். திட்டுவதானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தங்கை


9 மார்ச் 1983

வாலு,

திட்டுகிறேன், வாங்கிக்கொள். எனக்கு வரக்கூடிய விருதைப் பற்றி ஒரு முறை நீயே முடிவு செய்தாய். நான் சொல்லவிருந்த பொய்யைப் பற்றி இன்னொரு முறை நீயே முடிவு செய்தாய். மூன்றாவது முறை வேண்டாம். மற்றபடி, நீ எடுத்த அந்த வரி போக வேண்டிய வரிதான்.

தேடி வந்த இரண்டு படத்தில் ஒன்று போய்விட்டது. விஷயம் தெரிந்ததும் அந்தத் தயாரிப்பாளருக்கு நான் மறுபடி "ஏம்மா" ஆகிவிட்டேன். இன்னொருவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "விருது கிடக்கட்டும். ஜூனுக்குள்ள முடிச்சுத் தருவீங்களா?" என்றார். தருவேன் என்றேன். உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னேன். அது நீதான் என்று சொல்லவில்லை, உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாது.

வருவதானால் ஒரு நிபந்தனை. இந்த அறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியையும் நீ திறந்து பார்க்க வேண்டும். நான் கட்டி, நான் மூடி, நானே சரி என்று சொன்னாலும் திறக்க வேண்டும். எனக்குக் கோபம் வரும். வந்தாலும் திற.

அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீ வந்ததும் சேர்ந்து சொல்லலாம். என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அக்கா