மடியில் ஒரு சட்டி தண்ணீர்

அன்புள்ள அக்கா,

நேற்று வத்தளையில் கார் விற்கிற ஓர் இடத்தில் நின்றேன். ஒரு கதவைத் திறந்ததும், சீற்றின் பிளாஸ்டிக் உறை வெயிலில் வெந்த மணம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள், மடியில் அந்த அலுமினியச் சட்டியோடு.

உங்கள் பேத்திதான் என்னைக் கூட்டிப்போனாள். வீட்டுக் காரை அவள் புருஷன் வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறான். பிள்ளைகளை ஏற்றி இறக்க இரண்டாவதாகச் சின்ன ஜீப் ஒன்று வேண்டுமாம். இரண்டைப் பிடித்து வைத்துவிட்டு, எது நல்லது என்று கைபேசியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். "தாத்தா, நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றாள். போகாமல் இருப்பேனா? கொழும்பில் என்னைக் கேட்காமல் வாகனம் வாங்கியவன் எவனும் உருப்பட்டதில்லை. எஞ்சின் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டே நோய் சொல்லுகிறவன் நான்.

இந்த இடத்தில் நீங்கள் "பாதியைக் குறை, தம்பி" என்பீர்கள். சரி, குறைத்துவிட்டேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சண்டைக் காலம். அத்தான் காலமானபிறகு நீங்கள் வெள்ளவத்தையில் எங்களோடு இருந்தீர்கள். மகள் கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டு, முதல் பிள்ளைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்றவளுக்கு மிளகும் சீரகமும் மஞ்சளும் அரைத்த சரக்குக்கறியை உங்கள் கையாலேயே சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் பிடிவாதம். "மாமிக்காரி வைக்கிறது கறியில்லை, கசாயம்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தீர்கள்.

ஆனால் இடையில் எத்தனை தடைகள்! ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் காரில் இருப்பவர் எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். என் வெள்ளைக் காரோ தரையோடு தரையாக ஓடுவது. கடைச் சாமான் ஏற்ற அதைப்போல ஒன்று இந்தத் தீவிலேயே கிடையாது. ஆனால் உங்கள் முழங்காலுக்கு அது எதிரி. ஒருநாள் கோட்டைப் பக்கத்தில் மறித்த ஆமிக்காரன் "பகின்ன, பகின்ன" என்று இறங்கச் சொல்லி அவசரப்படுத்தினான். நீங்கள் எழும்ப முயன்று முயன்று மறுபடி சீற்றிலேயே விழுந்தீர்கள். நான் சுற்றி வருவதற்குள் அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, உங்கள் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டான். நல்ல மனத்தோடுதான் செய்தான் போலும்.

வீடு வந்ததும், "இனி உந்தக் காரிலை ஏறமாட்டன். கண்டவனும் தூக்கி நிப்பாட்ட நான் என்ன மாவு மூட்டையே?" என்றீர்கள்.

"அப்ப பிள்ளைப்பெறுக்கு எப்பிடிப் போவியள்? ஓட்டோ பிடிக்கட்டே?"

"ஓட்டோ குலுக்கிற குலுக்கிலை முதுகும் போகும், கறியும் போகும். நீ பெரிய கார்ப் புலியெல்லே? அதுக்கு முன்னம் வேறையொண்டு எடு."

அப்படித்தான் இரண்டாவது வாகனம் தேடி, கடைசித் தடவை என்று அதே காரில் உங்களையும் ஏற்றிக்கொண்டு வத்தளைக்குப் போனேன். "ஆமி இல்லாத ஒழுங்கையாலை போ" என்று கட்டளை வேறு. அங்கே வாகனம் விற்கிற முஸ்லிம் நானா இரண்டு ஜீப்பைக் காட்டினார். ஒன்று கரும்பச்சை. யானை உயரம், பின்கதவில் உபரிச் சக்கரம், கறுத்தக் கண்ணாடி. மற்றது சாம்பல் நிறத்தில் ஒரு தீப்பெட்டி. எனக்குப் பச்சையைக் கண்டதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"இதுல போனா ரோட்டே ஒதுங்கும் சேர்" என்றார் நானா.

"எஞ்சினைப் பாருங்கோ அக்கா, இது சிவனொளிபாதமலையிலையும் ஏறும்."

"நான் மலைக்குப் போகேல்லை, கொட்டாஞ்சேனைக்குப் போறன். இரண்டையும் செக்பொயின்ற்றுக்குக் கொண்டுபோய்ப் பாப்பம்" என்றீர்கள். நானா திகைத்துப்போனார். மற்றவர்கள் வாகனத்தை மேட்டில் ஏற்றிப் பார்ப்பார்கள், வேகமாக விட்டுப் பார்ப்பார்கள். நீங்களோ பையிலிருந்து சட்டியை எடுத்து, நானாவின் குழாயடியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு ஏறினீர்கள். கறிக்குப் பதில் தண்ணீர். சிந்துகிறதா என்று பார்க்க.

பச்சையில் போனோம். பாலத்தடிச் சாவடியில் நின்ற ஆமிப் பொடியன், ஜீப்பைக் கண்டதும் உள்ளே ஆமிப் பெரியவர் யாரோ என்று நிமிர்ந்து சலூட் அடித்துத் தடையைத் தூக்கிவிட்டான்! அன்றைக்கு நான் ஒரு ஜெனரல், அக்கா. அவன் அடித்த அடியில் பாலமே அதிர்ந்தது. கண்ணாடியை இறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

"பாத்தியளே மரியாதையை?"

"பாத்தனான். திரும்பி வரேக்கை உள்ளுக்கை ஆரெண்டு பாப்பான். அப்ப அவனுக்கு வெக்கமாப் போகும். வெக்கப்பட்டவன்ரை கோபம் பொல்லாதது, தம்பி."

திரும்பும்போது அவன் மறித்தான். நான் கண்ணாடியை இறக்கி அடையாள அட்டையைக் கொடுத்தேன். தமிழ்ப் பெயரை வாசித்தவனின் முகம் சுருங்கியது. எல்லோரும் இறங்கு என்றான். உங்கள் கால் அந்தரத்தில் தொங்கியது. "இதுக்கு ஏணியும் சேத்துத் தருவாரோ நானா?" என்று முணுமுணுத்தீர்கள். கடைசியில் நான்தான் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். பாதித் தண்ணீர் என் சட்டையில்.

பிறகு தீப்பெட்டி. மறுபடி சட்டியை நிரப்பினீர்கள். அதே பாலம், அதே பொடியன். "ஆ, திரும்பவும் நீங்களா?" என்பதுபோலப் பார்த்தான். கதவைத் திறந்தீர்கள். இரண்டு காலையும் சேர்த்து வெளியே போட்டீர்கள். இரண்டு பாதமும் ஒன்றாகத் தார் றோட்டில் பதிந்தன. யாரும் கைகொடுக்காமல் எழும்பி நின்று, ஒரு கையால் சேலையைச் சரிசெய்தீர்கள். நான் என் கதவைத் திறக்கவே இல்லை. சட்டி அப்படியே இருந்தது.

அங்கேதான் ஒரு சிக்கல். ஜீப்பில் ஒரு அம்மா ஏன் சட்டி நிறையத் தண்ணீரோடு திரிகிறாள்? பொடியன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான், மோந்தான், பெரியவனைக் கூப்பிட்டான். குடித்துக் காட்டு என்றார்கள். நானாவின் குழாய்த் தண்ணீரை நீங்கள் இரண்டு மிடறு குடித்துவிட்டு, "மல்லி, வதுர", தம்பி, தண்ணீர்தான் என்று சட்டியை அவனிடமே நீட்டினீர்கள். வெயிலில் நின்ற பொடியன் சிரித்துவிட்டான். குடித்தானா? மடமடவென்று முழுச் சட்டியையும் குடித்து, ஏப்பம் விட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

தெரியும், பாதியைக் குறை. ஒரு மிடறு குடித்தான். அது உண்மை.

அந்தச் சாம்பல் ஜீப்பின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசித்த கிழமையே பேத்தி பிறந்தாள். ஒவ்வொரு தடையிலும் முதலில் இறங்கி நின்றவர் நீங்கள்தான். கறி ஒருநாளும் சிந்தவில்லை. மூடியைத் திறந்து பார்த்த ஆமிக்காரர்தான் மிளகு நெடியில் தும்மினார்கள்.

நேற்று அந்தப் பேத்தி, "தாத்தா, இது உயரம், கெத்தா இருக்கு. மற்றது கொஞ்சம் பதிவு, உயரம் குறைவு" என்று காட்டினாள். நான் எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை. அவளுடைய தண்ணீர்ப் போத்தலை வாங்கி, மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உயரமானதில் ஏறினேன். இறங்கும்போது என் கால் தொங்கியது. இப்போது என் முழங்காலும் உங்களுடையதுதான், அக்கா. அவள் ஓடிவந்து கை நீட்டினாள்.

பதிவானதில் ஏறினேன். கதவைத் திறந்து இரண்டு காலையும் சேர்த்துப் போட்டேன்.

"தாத்தா, என்ன செய்யிறியள்? ஆக்கள் பாக்கினம்."

"கையை எடு பிள்ளை. இதுதான் சோதனை. உன்ரை அம்மம்மா கண்டுபிடிச்சது."

எழும்பி நின்றேன், ஒரு துளி சிந்தாமல். அவள் அதையே எடுக்கிறாளாம்.

இந்த மடலில் எதை வேண்டுமானாலும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பாலம் அதிர்ந்ததைக் குறையுங்கள், ஜெனரலைக் குறையுங்கள். நீங்கள் அந்தப் பாலத்தடியில் தனியாக எழும்பி நின்று சேலையைச் சரிசெய்ததை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

உங்கள் தம்பி