பஞ்சுவுக்குப் புது முடி

அன்புள்ள வசந்தா,

நானும் அமுதாவும் பஞ்சுவும் இங்கே நலம். 'உன் நலமறிய ஆவல்' என்று பழக்கத்தில் எழுதப்போன கையை நிறுத்திக்கொண்டேன். துபாயிலிருந்து பத்து வருடம் எழுதிய வரி, அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா? அந்தக் கடிதங்களை வேறு யாரும் பிரித்துவிடக் கூடாதென்று நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டுவேன். இதை ஒட்டப்போவதில்லை. யார் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும்.

பஞ்சுவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கும்பகோணத்திலிருந்து அந்தப் பொமரேனியன் குட்டியைக் கூடையில் வைத்துத் தூக்கிவந்த அன்று, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாய். "நாய்னே சொல்ல முடியாதுங்க, பஞ்சுக்குக் காலு முளைச்ச மாதிரி இருக்கு" என்றாய். அமுதா அதையே பெயராக வைத்துவிட்டாள் என்று சிரித்தாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். அடுத்த வாரம் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன மாதம் பஞ்சுவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. கொஞ்சமா நஞ்சமா? பாயில், சோற்றுத் தட்டில், அமுதாவின் யூனிஃபார்மில் எல்லாம் வெள்ளை முடி. மூஞ்சி அணில் மாதிரி கூராகிவிட்டது, வால் எலி வாலாகிவிட்டது. எதிர்வீட்டு அண்ணனுக்குக் கேட்க வேண்டுமா? பஞ்சு போய்க் கொட்டைதான் மிச்சம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நான் சொறி என்றே முடிவுகட்டி, மொத்தமாக மழித்துவிடலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, அதற்கு முன்னால் அமுதாவையும் பஞ்சுவையும் சைக்கிளில் வைத்துத் திருப்பனந்தாள் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன்.

டாக்டரம்மா முடியைப் பிரித்துப் பார்த்தார். "வியாதி இல்லங்க. குட்டி முடி உதிருது, பெரிய முடி வருது. மழிச்சிராதீங்க, அப்புறம் சரியா முளைக்காது. தினமும் பொறுமையா வாரி விடுங்க, போதும்" என்றார்.

அதே வாரம் உன் தங்கை வந்தாள். அமுதாவின் முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனாள். நீ போனதிலிருந்து அமுதா தலையை யாரையும் தொட விடவில்லை. மேலே மட்டும் தண்ணீர் தொட்டு வழித்துக்கொள்வாள். பிடரியில் சிக்கு அடை அடையாகக் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கிராப்பு வெட்டிவிடுகிறேன், அம்மா இல்லாத பிள்ளைக்கு அதுதான் சுலபம் என்றாள் உன் தங்கை. அமுதாவும் தலையை ஆட்டிவிட்டாள். இடுப்பைத் தொட்டுவிட்டது என்று நீ எனக்கு எழுதிய முடி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவனுக்குப் பின்னல் தெரியுமா? அதுவும் இல்லாமல், அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள். ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவன் மேல் பிள்ளைக்கு என்ன உரிமை வரும்?

மறுநாள் பஞ்சுவை வார உட்கார்ந்தேன். உன் பச்சைச் சீப்பை வீடெல்லாம் தேடினேன், காணவில்லை. கடையில் ஒன்று வாங்கிவந்து, கட்டுக்கம்பியை முறுக்குகிற வேகத்தில் ஒரு இழு இழுத்தேன். பஞ்சு வீல் என்று கத்தியது. உள்ளேயிருந்து அமுதா ஓடிவந்தாள்.

"அப்புடி இழுக்காதீங்க. சிக்குக்கு மேல ஒரு கையால புடிச்சுக்கணும். அம்மா அப்புடித்தான் புடிச்சுக்கிட்டு நுனியிலேர்ந்து வாரும். வலிக்கவே வலிக்காது."

என் கையைப் பிடித்து, விரலை எங்கே வைக்க வேண்டுமென்று வைத்துக் காட்டினாள். நீ வாரியதை ஒருநாளாவது நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனா? வெட்கமாக இருந்தது வசந்தா.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்களுக்கு அதுதான் வேலை. காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில் எல்லாம் சிக்கு. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். நாலாவது நாள் பஞ்சு என் மடியிலேயே தூங்கிவிட்டது. அமுதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உன் தங்கை வரும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அமுதா புத்தகப் பைக்குள் கையை விட்டு உன் பச்சைச் சீப்பை எடுத்தாள். இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தேங்காயெண்ணெய் வைத்து, மேலே பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து ஆரம்பித்தேன். உன் தங்கை வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது பாதித் தலை முடிந்திருந்தது. அவள் அப்படியே நின்று அழுதாள், நானும்தான் அழுதேன். அமுதா அழவில்லை. "இன்னும் இந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

பின்னல் மட்டும் சரியாக வரவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் டீச்சர் சிரித்துக்கொண்டே, யார் பின்னிவிட்டது என்று கேட்டார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா" என்றாள்.

பஞ்சுவின் முதுகில் புது முடி விறைப்பாக வந்துகொண்டிருக்கிறது. காதோரம் மட்டும் பிஸ்கட் நிறம். தூக்கிவந்த அன்றே இந்த நிறம் உனக்குத் தெரிந்திருக்குமா?

லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. நான் போகப்போவதில்லை. இங்கேயும்தான் வீட்டுக்கு வீடு மாடி எழும்புகிறது, கம்பி கட்ட ஆள் வேண்டியிருக்கிறது. தினமும் காலையில் அவள் தலையைப் பின்னிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ரெண்டு பின்னலும் ஒரே உயரத்தில் வரும்வரை, வந்த பிறகும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

'உன் அன்புக் கணவன்' என்றுதான் இத்தனை வருடமும் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு வேறு போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அமுதாவோட அப்பா