நாரைக்குஞ்சுகளும் நீ மறைத்த தாளும்

என் ஸ்டெல்லாவுக்கு,

ஆறு மாசமாக உன் கல்லறைப் பக்கம் வரவில்லை. கோபம், ஏட்டி. செத்துப்போனவளிடம் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

பதினோரு வருஷம் ஒரே கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். காலையில் கொட்டாரம் ஊருக்குப் பக்கத்துக் குளத்துக்குப் போய் நாரை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே நத்தைகுத்தி நாரைக்குஞ்சுகள் கூட்டிலிருந்து விழ ஆரம்பித்தன. இறக்கை தொங்கி, கழுத்தைத் தூக்கமுடியாமல் சேற்றில் கிடந்தன. ஒன்று உன் மடியிலேயே செத்தது. நீ அழுதாய். அந்த அழுகை பொய்யில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

செத்த குஞ்சுகளின் ஈரலையும் எலும்பையும் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு உன் பெயரில் அனுப்பினோம். பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சொன்னாய்: "மாதிரியெல்லாம் வழியிலேயே கெட்டுப்போச்சாம்க்கா. விடுங்க."

விட்டுவிட்டேன். சொன்னது நீயாச்சே.

மாரடைப்பில் நீ போன பிறகு, உன் வீட்டுக்காரர் உன் பைனாகுலரை எனக்குத் தந்தார். உறைக்குள் நாலாக மடித்த ஒரு தாள், அந்த ஆய்வகத்தின் பதில். ஈரலில் ஈயம். எலும்பில் ஈயம். உயிர் போகிற அளவுக்கு.

குளத்தங்கரையில் ஈயத்துக்காகப் பழைய பேட்டரி உருக்கும் பட்டறை ஒன்றுதான் உண்டு. உன் வீட்டுக்காரருடையது.

தாளை அவரிடமே கொண்டுபோனேன். நின்றபடியே வாசித்தார்.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்லியே அக்கா."

கேட்டிருந்தால் அடுப்பை அணைத்திருப்பாரா? தெரியாது. ஆனால் நீ கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பருவம் குஞ்சுகள் விழுந்தன. வெயிலா, பூச்சிமருந்தா என்று நான் உன்னிடம்தான் புலம்பினேன். நீயும் என் பக்கத்தில் நின்று யோசித்தாய். அது எப்படி ஏட்டி உன்னால் முடிந்தது?

மனு கொடுத்தேன். பட்டறையைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் இப்போது என்னோடு பேசுவதில்லை. உன் மகள் மட்டும் சர்ச்சில் தலையசைப்பாள். மாதிரி எடுத்தது யார் என்று அதிகாரி கேட்டபோது நம் இரண்டு பேரையும் சொன்னேன். முடிவை மறைத்தது யார் என்றார். உன் பெயரைச் சொன்னேன்.

இந்த வருஷமும் குஞ்சுகள் விழுந்தன. பட்டறையைப் பூட்டினால் சேற்றில் இறங்கின ஈயம் போய்விடுமா? மறுபடி ஈரல் எடுத்து அனுப்பியிருக்கிறேன், என் பெயரில். பதில் எதுவானாலும் ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் கேட்க வாசிப்பேன். பிறகு கல்லறைக்கு வந்து உனக்கும் வாசிப்பேன். ஒரு எழுத்து விடமாட்டேன். மன்னிப்பேனா என்பதை அப்போது கேள்.

கோபம் ஆறாமலே உன்னைத் தேடுகிற,
உன் கூடப்பிறக்காத அக்கா