எதிரணியின் முறை

அன்புள்ள எதிரணித் தலைவருக்கு,

நேற்று கட்டைபறிச்சானில் ஒரு பட்டிமன்றம். செயற்கை நுண்ணறிவு மனிதருக்கு வரமா, சாபமா என்பது தலைப்பு. எனக்குச் சாபத்தைத் தந்திருந்தார்கள். வரம் என்று பேச வந்த இளம் ஆசிரியை தன் வாதங்களைக் கைபேசியிடம் கேட்டு எழுதி வந்திருந்தார். நானும் அப்படித்தான் எழுதிப் போயிருந்தேன். இருவருக்கும் அது ஒரே மரியாதையோடு உதவியிருந்தது. இவ்வளவு நடுநிலையை நான் எந்த நடுவரிடமும் கண்டதில்லை.

என் முறை வந்ததும் மைக்கைக் கிட்ட இழுத்தேன். அதன் பஞ்சு உறையில் கராம்பு மணந்தது.

மேடையேறுமுன் ஒரு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்வது உமது வழக்கம். தொண்டைக்கு நல்லது என்பீர். உமக்குப் பிறகு அதே மைக்கில் பேச வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்குள் முகத்தைப் புதைத்ததுபோலப் பேசவேண்டியிருக்கும். கூட்டம் முடிந்த பிறகு ஒலிபெருக்கிக்காரரிடம் விசாரித்தேன். "உறையோ? அது போன மாசம் வாங்கின புதுசு சேர்" என்றார். நீர் போய் ஒரு வருடத்திற்கு மேலாகிறது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பதில் வந்துவிடக்கூடிய கேள்விகளைக் கேட்காமல் விடுவதைக் கச்சேரியில் அரசாங்கக் கோப்புகளோடு வேலை பார்த்த காலத்திலேயே நன்றாகப் பழகியவன் நான்.

ஆனால் உமக்கு ஓர் அறிக்கை தர வேண்டியிருப்பது நினைவுக்கு வந்தது. உமது நினைவாக நாங்கள் நடத்திய பட்டிமன்றத்தைப் பற்றியது. அன்று நீர் மண்டபத்தில் இருந்தீரா, இல்லையா என்பது எனக்கு இன்னும் தெளிவில்லை. இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும், தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன்.

நமக்குப் பக்கங்களைப் பிரித்துத் தந்தவர் யாரென்று நினைவில்லை. தோற்றத்தைப் பார்த்துத்தான் பிரித்திருக்க வேண்டும். எனக்கு நரைத்த தலை. ஆகவே பாசம், கடிதம், பழைய பாட்டு, கூட்டுக் குடும்பம் எல்லாம் என் பக்கம். உமக்குப் பருத்த உடம்பும் உரத்த குரலும். ஆகவே பணம், கைபேசி, புதுப் பாட்டு, தனிக் குடித்தனம். கூட்டுக் குடும்பத்தின் இனிமையைப் பற்றி மாவட்டம் முழுவதும் பேசித் திரிந்த நான், மைத்துனர் வந்து தங்கினால் வாசகசாலைக்குப் போய்விடுகிறவன். புதுப் பாட்டுக்காக வாதாடிய நீர், அதைக் கிண்ணியா பஸ்ஸில் போட்டால் காதில் பஞ்சு வைப்பீர். இதில் ஒருவரும் குற்றம் காணவில்லை. சனம் உண்மையைக் கேட்கப் பட்டிமன்றத்துக்கு வருவதில்லை என்பது நமக்கும் தெரியும், சனத்துக்கும் தெரியும்.

தீர்ப்பும் அப்படியே. வாடகைக் கதிரைகளோடு அதுவும் காலையிலேயே மண்டபத்தில் வந்து இறங்கிவிடும். பாசம் வெல்லும், பணம் தோற்கும். வென்ற மனத்தோடு சனம் வீட்டுக்குப் போய், யார் வீட்டுக் கலியாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று கதைக்கும்.

ஆனால் ஒரு தலைப்பில் மட்டும் நீர் நடிக்கவில்லை. அதை நான் அறியப் பல வருடம் எடுத்தது. குடும்பத்தைத் தாங்குவது பணமா, பாசமா என்று வந்தால் உமது குரல் ஒரு படி கீழே இறங்கும். வங்கியில் நகை அடகுப் பகுதியில் காலமெல்லாம் இருந்தவர் நீர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததைத்தான் சொல்லுவீர்.

"ஒருநாள் ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தவை. வந்ததில இருந்து சண்டை. என்ர சங்கிலியை வைப்பம் எண்டு அவ. இல்லை, என்ர மோதிரத்தை வைப்பம் எண்டு இவர். ஆளுக்காள் விட்டுக்குடுக்கிறதா இல்லை. பின்னால நிண்ட சனம் முழுக்க வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது. நடுவர் அவர்களே, இதுதான் பாசம். நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா இந்தச் சண்டையைப் பிடிக்கிறதுக்கு முதல்ல ஒரு சங்கிலியும் ஒரு மோதிரமும் வேணும். அது இல்லாத வீட்டில அவை என்னத்தை வைச்சுச் சண்டை பிடிக்கிறது?"

மண்டபம் குலுங்கிச் சிரிக்கும். நீர் சிரிக்கமாட்டீர். நான் அதை உமது மேடைத் தந்திரம் என்று நினைத்திருந்தேன்.

மூதூரில் பேசிவிட்டு உமது மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது ஒருமுறை, பாலத்தில் வண்டியை நிறுத்தினீர்.

"நீர் பாசத்தைப் பற்றிக் கதைக்கேக்க சனம் அழுகுது. நான் காசைப் பற்றிக் கதைக்கேக்க சிரிக்குது. ஏன் காணும்?"

"உமக்குப் பகிடி நல்லா வருது."

"நான் எங்க பகிடி விட்டனான்?" என்று கேட்டீர். பிறகு வண்டியை உதைத்தீர். உமது வீடு இருக்கும் பாலையூற்று வரும்வரை வேகத்தைக் குறைக்கவில்லை.

இந்தப் புகழ் உமது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மீன் சந்தையில் உமது மனைவி மேரி, பாரை மீனுக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்டால், மீன் விற்கும் புவனம் சத்தமாகச் சொல்லுவாள்: "உங்கட அவர்தானே மேடைக்கு மேடை காசுதான் எல்லாம் எண்டு கத்துறார். குடுங்கோவன்!" சந்தை சிரிக்கும். மேரி கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவார். உமது மனைவி ஒருநாளும் பட்டிமன்றத்துக்கு வராததன் காரணம் இதுதான். உம்மைக் காசாசை பிடித்த மனிதர் என்று ஊர் முடிவு செய்திருந்தது. கடைசிவரை கடன் எடுக்காமல் ஒரு சைக்கிள்கூட உம்மால் வாங்க முடிந்ததில்லை என்பதை ஊர் கவனிக்கவில்லை.

பிறகு உமக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் வந்த முதல் நாள், கட்டிலுக்குப் பக்கத்தில் மேரியும் நீரும் அடங்கிய குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினீர்கள்.

"என்ன தலைப்பு?" என்று கேட்டேன்.

"வழமையானதுதான்" என்றீர்.

அடுத்த முறை வந்தபோது மேரியின் கழுத்து வெறுமையாக இருந்தது. உமது மெலிந்த விரலில் மோதிரம் கழன்று விழாமல் நூல் சுற்றியிருந்தது. மேரி வெளியே போனதும் அந்த விரலை எனக்குக் காட்டினீர். "தீர்ப்பு அவ பக்கம். இங்கயும் தோத்திட்டன்."

அப்போதுதான் நீர் கேட்டீர். "தைப் பட்டிமன்றத்துக்கு நான் வரேலாது போல. என்ர பக்கத்தில ஆரையாவது விடும். தீர்ப்பைப் பற்றிக் கவலையில்லை, அது நடுவரின்ர தொழில். நான் பகிடி விடேல்லை எண்டு ஒராளுக்காவது விளங்கோணும். ஒராள் போதும்."

ஆவன செய்கிறேன் என்றேன். கச்சேரித் தமிழில் அதற்கு என்ன பொருள் என்று உமக்குத் தெரியும்.

ஆனாலும் செய்யத்தான் பார்த்தேன். நீர் தை பிறக்க முன்பே போய்விட்டீர். தைப் பட்டிமன்றத்தை உமது நினைவாக, அதே தலைப்பில் நடத்துவதென்று வாசகர் வட்டம் முடிவு செய்தது. உமது இடத்துக்கு ஆள் தேடினோம். செயலாளர் நௌபர் அலைந்துவிட்டு வந்து சொன்னான்: "ஒருத்தரும் வாறாங்க இல்ல சேர். அவர்ட கதிரையில இருக்க ஏலாதாம்." நடுவர் ஐயா ஒரு வழி சொன்னார். உமது முறை வரும்போது மைக்கைத் திறந்து வைத்துவிட்டு, உமக்குரிய நேரம் முழுவதும் எல்லோரும் மௌனமாக இருப்பது.

"ஐயா, அவர் மௌனமா இருக்கிற ஆள் இல்லையே" என்றேன்.

"அதுதான் பொருத்தம்" என்றார் நடுவர். நியாயத்தின் பக்கம் நிற்பவர்களோடு வாதாட முடியாது.

நகர மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மேரி, முதல் தடவையாக. பின்னால், மீன் விற்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்திருந்த புவனம். நான் பாசத்தைப் பற்றி வழக்கம்போலப் பேசினேன். வழக்கம்போல அழுதார்கள். பிறகு நடுவர் எழுந்து, உமது பெயரைச் சொல்லி அழைத்தார். மணி அடித்தது.

எல்லோரும் தலை குனிந்திருந்தோம். மின்விசிறிச் சத்தம். திறந்திருந்த மைக்கிலிருந்து மெல்லிய இரைச்சல், யாரோ மூச்சை இழுத்து வைத்திருப்பதுபோல. வணக்கம் சொல்லி முடிக்கிற அளவு நேரம் போயிருக்கும். நடு வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் கோபத்தோடு நிமிர்ந்தேன். அவரும் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இடது பக்கத்தில் இருவர். பிறகு ஒரு வரிசை முழுவதும். எனக்கு விளங்கியது. என்னைப் பார்த்து "பாசத்தின் மொத்த வியாபாரி" என்று நீர் சொல்லும் இடம் அது. இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு உமது உரை அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த பகிடிக்கு மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லோரும் மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

பிறகு சங்கிலிக் கதையின் இடம் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வெறும் மைக். எதிரே அத்தனை முகங்கள். பெண்களின் கைகள் ஒவ்வொன்றாகக் கழுத்துக்குப் போயின. புவனத்தின் கையும் போனது. மேரியின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

மணி அடித்தது. "நன்றி, நேரம் முடிந்துவிட்டது" என்றார் நடுவர், பழக்கத்தில். நான் பதில் சொல்ல எழுந்தேன்.

"எதிரணித் தலைவர் இப்போது சொன்ன சங்கிலி விசயத்துக்கு..." என்று தொடங்கியவன் நின்றுவிட்டேன். நான் சொன்னதை ஒருவரும் விசித்திரமாக எடுக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்கள். "என்னட்டைப் பதில் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நடுவர் தீர்ப்பளித்தார். பாசமே என்றார். ஒருவரும் கை தட்டவில்லை. புவனம் எழுந்தாள்.

"ஐயா, அவர் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லேல்லையே."

நடுவர் மைக்கைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். "அதை அடுத்த முறை ஆராய்வோம்" என்றார். நௌபர் போய் மைக்கை நிறுத்திய பிறகுதான் சனம் எழுந்தது.

வெயில் தாழும் நேரத்தில், நௌபரின் வான் வண்டியில் மேரியை வீட்டுக்குக் கூட்டிப் போனோம். கடலோரத்தைத் தாண்டினோம். பின்னாலிருந்து மேரி கேட்டார்.

"அண்ணை, எல்லாரும் சிரிச்சவை. பிறகு எல்லாரும் ஒரு மாதிரி இருந்தவை. அவர் என்ன சொன்னவர்? எனக்கு மட்டும் ஒண்டும் கேக்கேல்லை."

நௌபர் என்னைப் பார்த்தான். நான் உமது உரையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். உமது பக்கத்தை நான் பேசியது அதுவே முதல் தடவை. ஒரு சொல்லுக்கும் தேட வேண்டியிருக்கவில்லை. பகிடி வரும் இடங்களில் நௌபர் சிரித்தான். சங்கிலிக் கதையைச் சொல்லத் தொடங்கியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மேரியின் கை வெறும் கழுத்தில் இருந்தது.

"இது பகிடி இல்லையே அண்ணை" என்றார்.

"இல்லை."

"பிறகேன் இவ்வளவு காலமும் சனம் சிரிச்சது?"

"தெரியாது" என்றேன்.

ஆகவே நீர் கேட்ட அந்த ஒராள் கிடைத்துவிட்டார்.

எனக்கு நேர்ந்தது வேறு. என் வாதங்களைத் தேடிப் பார்த்தால் இப்போது கிடைப்பதில்லை, கைபேசியிடம்தான் கேட்கவேண்டியிருக்கிறது. உமது உரை மட்டும் முழுதாக என்னிடம் இருக்கிறது. சில பின்னேரங்களில் பாலையூற்றுப் பக்கம் போனால், மேரி தேத்தண்ணி தந்துவிட்டு, "அதை ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை" என்பார். சொல்லுவேன். சனத்தின் சிரிப்புக்காக நீர் நிறுத்தும் இடங்களில் நானும் நிறுத்துவேன். அங்கே சிரிக்க ஒருவரும் இல்லை. ஆனால் நான் சும்மா இருக்கும் அந்த இடைவெளியில் மேரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார், யாரோ தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பதுபோல. ஒருமுறை, "ஓம், ஓம்" என்றுகூடச் சொன்னார். அது எனக்குச் சொன்னதல்ல.

நான் குறுக்கே பேசுவதில்லை. மீதி உரையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, உமது முறை முடியட்டும் என்று காத்திருப்பேன்.