அம்மா தனக்கென்று வாங்கிய கிட்டார்

அம்மா,

இன்று காலை தாம்பரத்தில் ரயில் ஏறியபோது ஒரு கல்லூரிப் பெண் புது கிட்டாரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உறையைப் பாதி திறந்து கம்பிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். புது மரமும் வார்னிஷும் கலந்த வாசனை. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. குரோம்பேட்டையில் இறங்கி, அடுத்த ரயிலில் ஆபீஸ் போனேன்.

நீ கிட்டார் கேட்டது, ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில். அப்பாவுக்குப் படப்பையில் பட்டறை வேலை. நான் நாவலூரில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நீ பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட், லீவில் இருந்தாய். வலது மார்பை எடுத்து, கீமோவும் முடிந்து, தலையில் முடி மறுபடி அரும்பியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னாய்.

"எனக்கு ஒரு கிட்டார் வாங்கணும்."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ட்ரீட்மென்ட் எல்லாம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

"முடியறப்போ நான் இருக்கணுமே."

நீ அவருக்கு ரசம் ஊற்றினாய்.

கல்யாணமான நாளிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் பாடியவள் நீ. கிட்டார் வாசித்தவர்கள் எப்போதும் ஆண்கள்தான். நீ பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் அவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டு பாடுவாய். அது ஆசை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மார்க்கெட் பக்கம் நாம் இருவரும் போன முதல் கடையில், தலையில் துப்பட்டா கட்டியிருந்த உன்னைத் தாண்டி என்னைப் பார்த்தார் கடைக்காரர். "பாப்பாவுக்கா மேடம்?"

"எனக்குத்தான்."

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒரு பெரிய கிட்டாரை எடுத்து வந்தார். "புச்சா கத்துக்கறவங்க எல்லாம் இதான் வாங்கினு போறாங்க. வெலையும் கம்மி."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தாய். அந்தப் பெரிய உடலைத் தாண்டிக் கம்பிக்குக் கொண்டுபோக வலது கையை உயர்த்த வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கியே கிடந்த கை. மரத்தின் விளிம்பு அதில் பதிந்தது. எடுத்த மார்பின் இடத்தில் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள நீயே தைத்திருந்த துணிப் பஞ்சு கிட்டார் இடித்து மேலே ஏறிவிட்டது. எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிச் சரிசெய்தாய். நான் உனக்குப் பின்னால் மறைத்து நின்றேன்.

கடைக்காரர் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார். "மொதல்ல கம்பி வெரல்ல குத்தும் மேடம். கொஞ்ச நாள் வலிக்கும். அப்பால மரத்துடும், ஒண்ணும் தெரியாது."

"எனக்கு ஏற்கெனவே மரத்துதான் கெடக்கு தம்பி" என்று சிரித்தாய்.

அவருக்குப் புரியவில்லை. கீமோ மருந்து உன் விரல் நுனிகளை அப்படி ஆக்கியிருந்தது. ஜாக்கெட் கொக்கியைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் மாட்டுவாய்.

"போலாம்மா" என்றேன்.

"எதுக்கு? இது பெருசு, அவ்வளவுதான். வேற பாக்கலாம்."

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சின்ன உடல் கிட்டார்கள் நாலைந்து தொங்கின. விலை குறைந்தவற்றில் பாதிக்குக் கம்பிகள் மரத்தைவிட்டு எட்டத்தில் நின்றன. "நீ அழுத்திப் பாரு. எது கஷ்டமில்லாம எறங்குதுன்னு சொல்லு" என்றாய். உன் விரலுக்குத் தெரியாது என்பதால் உனக்காக என் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றில் நைலான் கம்பி, மெத்தென்று இறங்கியது. அதை வாங்கி மடியில் வைத்தாய். வலது கை தோளைத் தூக்காமல் அதன் மேல் படிந்தது. கிட்டாரின் பின்பக்கம் கீறல் இருந்ததால் விலையும் நம் கைக்கு அடங்கியது. ஆட்டோவில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தாய்.

வீட்டில் அந்தத் துணிப் பஞ்சை எடுத்துவிட்டுத்தான் வாசிப்பாய். "இந்தப் பக்கம் தட்டையாயிடுச்சு இல்ல, கிட்டார் நல்லா ஒட்டி உக்காருது" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாய். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஆபீசிலிருந்து நான் பிரிண்ட் எடுத்து வந்த படங்களைப் பார்த்து சி, ஜி என்று மூன்று விரல்களால் கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு கார்டுகள் பழகினாய். எந்த விரல் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் விரல் நழுவிவிடும். பாதி நேரம் டொக் டொக்கென்று மரச் சத்தம்தான் வந்தது. அப்பா ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

பிறகு முதுகு வலி வந்தது.

"குனிஞ்சு குனிஞ்சு அதையே பாத்துட்டு இருந்தா முதுகு வலிக்காம என்ன செய்யும்?" என்றார் அப்பா. நானும் அதையே சொன்னேன். அப்படி நம்பத்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கிட்டாரை பீரோ மேல் வைத்துவிட்டுத் தைலம் தேய்த்தோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து முதுகெலும்பில் நோய் ஏறியிருந்த இடங்களைக் காட்டியபோது அப்பா கேட்டார், "கிட்டார் வாசிச்சதுனாலயா சார்?" டாக்டருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வீங்கிய வலது கையில் ஊசி போடக் கூடாது. எல்லாம் இடது கையில்தான். கம்பி பிடிக்கும் கை, புறங்கை முழுக்கக் கறுத்துப்போனது. ஒரு மத்தியானம், டியூப் ஆட அந்தக் கையை நீட்டி என் முன்கையை இழுத்து உன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாய். மூன்று விரல்களை அதில் ஊன்றினாய்.

"இது சி." விரல்களை மாற்றினாய். "இது ஜி. அழுத்துதா?"

"அழுத்துதும்மா."

அதன் பிறகு தினமும் கை கேட்டாய். கடைசி நாட்களில் மோதிர விரல் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. நானே எடுத்து வைத்தேன். அழுத்துகிறதா என்று நீ கேட்பதும் நின்றுவிட்டது.

உன்னை அடக்கம் செய்த பிறகு ஒரு நாள் பீரோவின் மேல் கிட்டார் இல்லை. யாருக்குக் கொடுத்தார் என்று அப்பா சொல்லவில்லை.

எனக்கு உன் வயது நெருங்குகிறது. உன் மகள் என்பதால் வருஷா வருஷம் எனக்கும் மார்புப் பரிசோதனை எடுக்கிறார்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது என் விரல்கள் தாமாகவே என் முன்கையில் ஏறிவிடுகின்றன. நான் கிட்டார் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் சி எங்கே, ஜி எங்கே என்று அந்தத் தோலுக்குத் தெரியும். என் பெயரைக் கூப்பிடும் வரை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் விரல் மரத்துப் போகவில்லை அம்மா. அழுத்துவது தெரிகிறது.