பொரி போட்ட கை

திண்டிவனம்,
12-6-86

மகன் பாண்டுரங்கனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீ இல்லாமலும் சுகம். உன் சுகத்துக்காக உன் அம்மா கெங்கம்மாள் அமாவாசைதோறும் மேல்மலையனூர் போய் வேண்டிக்கொண்டு வருகிறாள், எனக்கு மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை இறக்குகிற வேலை இருப்பதால் நான் போவதில்லை. உன் கடைசிக் கடிதம் கல்யாணத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. தங்கச்சி பூங்காவனத்தின் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருக்கிறாய். அதிலும் பெண்ணின் கையில் அண்ணன் பொரி போடுகிற சடங்கை நன்றாக விளக்கி எழுத வேண்டுமாம், மெக்சிகோக்காரர் சடங்கோடு அதை ஒப்பிட்டு எழுதினால் புரொபசர் மார்க்கு கூடப் போடுவாராம். கேட்ட சரக்கைக் கொடுப்பது என் தொழில், எழுதுகிறேன்.

அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனவன், ஸ்பானிஷ் பேசுகிற ஜனங்களைப் பற்றியும் பக்கப் படிப்பாகப் படிக்கிறேன், அவர்கள் பாஷை, சரித்திரம், கதை, அரசியல் என்று நாலு டிபார்ட்மெண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் படிப்பது, மைனர் என்று அதற்குப் பேர் என்று போன வருஷம் எழுதினாய். படி என்றுதான் சொன்னேன், நாலு தேசத்து ஆளோடு பேசத் தெரிந்தவன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். ஆனால் தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்த வாரத்தில்தான் அங்கே வெங்காயக் காட்டில் வேலை செய்கிற மெக்சிகோக்காரன் ரமோன் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம், அதைப் பார்த்து எழுதினால்தான் மைனர் முடியும், பொரி யார் போட்டால் என்ன, சித்தப்பா மகன் துரைக்கண்ணுவைப் போடச் சொல்லுங்கள், சடங்குதானே என்று கல்யாணத்துக்கு முந்தி வந்த கடிதத்தில் எழுதினாயே, அதை நான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. பூங்காவனம்தான் எடுத்துப் படித்துவிட்டாள். அங்கே பிள்ளையைக் கையில் ஏந்துகிறவன் ஞானத்தகப்பன், அன்று முதல் அவன் பெற்றவர்களுக்கு ஆயுசுக்கும் சொந்தம் என்று இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்தாய். பக்கத்துக் கடை அருள்நாதனிடம் அதைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, யோவ் விருத்தாசலம், எங்க சவரிராயன் பிள்ளைக்கு நான்தான்யா ஞானத்தகப்பன், உம் பையன் லீவுல வந்தப்போ இங்கதான ஒக்காந்துகினு டீ குடிச்சான், ஒரு வார்த்தை கேட்டிருந்தா கோயிலுக்கே இட்டுக்கினு போயி காட்டியிருப்பேனே என்றார்.

இனி நீ கேட்ட சடங்கு. மணவறையில் ஐயர், பெண்ணுக்கு அண்ணன் யார், சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார். பூங்காவனம் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு வாசல் பக்கமே பார்த்தாள். உன் முந்திய கடிதத்தைப் படித்த பிறகும் பார்த்தாள், முட்டாள் பெண். வளவனூர் சம்பந்தியம்மாள் சபை கேட்க, அமெரிக்கா அண்ணன் அமெரிக்கா அண்ணன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, எங்க அவரு என்றாள். அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைக்கு விசேஷம், அதைப் பார்க்கப் போயிருக்கிறான் என்றேன். அப்போ அங்கயே ஒரு தங்கச்சி கீறா போல, இவ எதுக்கு என்றாள். பந்தலே சிரித்தது. உன் அம்மா உள்ளே ஓடி உன் போட்டோவை எடுத்துவந்து மணவறை ஓரமாக வைக்கட்டுமா என்றாள். செத்தவனுக்குத்தான் சபையில் போட்டோ வைப்பார்கள், கொண்டு போ என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பந்தியில் உட்காரவில்லை.

என் தம்பி மகன் துரைக்கண்ணு, தடியன் தடியன் என்று நீ கூப்பிடுவாயே, அவன்தான் எழுந்து வந்தான். வந்தவன் என் காதோடு, இன்னும் கொஞ்சம் பொறுங்க பெரியப்பா, அண்ணன் வந்தாலும் வந்துடும் என்று கெஞ்சினான். முகூர்த்தம் தப்பிவிடும், போடுடா என்றேன். முதல் பிடியில் பாதியைக் கீழே கொட்டிவிட்டான். மூன்று தரம் போட்டான், மூன்று தரமும் அவள் அதை நெருப்பில் விட்டாள், மாப்பிள்ளை அவனுக்கு மைத்துனன் முறைக்கு வேட்டி கொடுத்தார். இவ்வளவுதான் சடங்கு, எழுதிக்கொள்.

உன் புரொபசருக்காக இன்னொன்றும் சொல்கிறேன். துண்டுக்குள்ளே விரல் பிடித்து விலை பேசி முடிந்துவிட்டால் அப்புறம் எவனும் கையை இழுத்துக்கொள்ள முடியாது, அதை நீ மண்டியில் பார்த்தே வளர்ந்தவன். பொரியும் எனக்கு அப்படித்தான், போட்ட கைதான் அண்ணன் கை. ஆடிக்கு அவளை அழைத்துவர துரைக்கண்ணு போவான். அவளுக்குப் பிள்ளை பிறந்தால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவோமே, அந்த மடியும் அவனுடையது, வாக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று மறுவீட்டுக்கு வந்திருந்த பூங்காவனம் நான் கேட்காமலேயே, நைனா, இனிமே எனக்கு அண்ணன்னா துரை அண்ணன்தான், அதையும் எழுதிடுங்க என்றாள். அழவில்லை. நானும் தேற்றவில்லை.

காது குத்து மேல்மலையனூரில் வைப்போம். உனக்கும் பத்திரிகை அனுப்புகிறேன், தாராளமாக வா. முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்கிறேன். பிள்ளை துரைக்கண்ணு மடியில் இருக்கும், நீ உன் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.

படிப்பில் முதலாவதாக வர என் ஆசீர்வாதம், ரமோன் வீட்டுப் பிள்ளைக்கும் ஆசீர்வாதம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். துரைக்கண்ணுவின் பேரை உன் பேப்பரில் சரியாக எழுது, பெண்ணின் அண்ணன் என்று போடு.

இப்படிக்கு,
பூங்காவனத்தின் தகப்பன்
விருத்தாசலம்