சந்திரம்மா பேரில் ஓர் ஈ

1959 டிசம்பர் 8, திருப்பதி

மறுபடியும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆமணக்குக் கொல்லையில் பிடித்த ஏழு ஈக்களும் பெண். முதுகின் பின்முனைக்கு அடியில் அந்தப் புடைப்பு இருக்கிறது. ஆகவே புழுவின் உடம்புக்குள் வளரும் ஒட்டுண்ணி ஈக் குடும்பம்தான். முள்மயிர்களின் எண்ணிக்கை ஆமணக்கில் வழக்கமாக வரும் ஈயோடு ஒத்துப்போகிறது. வயிற்றில்தான் வம்பு. பூச்சியின் இனம் கண்டுபிடிக்கிற கீ புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வாக்கியம். ‘வயிற்றின் இருபுறமும் செம்பழுப்பு’ என்றால் ஒரு வழி; ‘முழுதும் கறுப்பு’ என்றால் இன்னொரு வழி. என்னுடையவை கறுப்பு. அந்த வழியில் போனால் எதுவும் பொருந்தவில்லை.

வழக்கமான ஈயின் பெண்ணை எடுத்து ஒப்பிடலாமென்றால், ஆந்திரா பிரிந்தபோது பெண் ஈக்களைக் குத்தி வைத்த பெட்டி மெட்ராஸ் பங்குக்குப் போய்விட்டது. இங்கே எங்கள் விவசாய ஆபீசில் ஆண்கள் மட்டும். போகட்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் இவ்வளவா மாறும்?

அப்படியானால் — புதுசா? யாரும் இன்னும் பேர் வைக்காத இனமா?

டிசம்பர் 13, ஞாயிறு

திருத்தணி போய் வந்தேன். சந்திரம்மா அங்கே பெண்கள் பள்ளியில் டீச்சர். கல்யாணமானதிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமைப் புருஷன். புது ஈக்கு அவள் பேரை வைக்கப் போவதாகச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல?

“இன்னாங்க, ஈக்கா? பேரு வெக்க ஒரு பூ கெடைக்கலயா உங்களுக்கு?”

ரயிலில் வரும்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது.

டிசம்பர் 22

கங்கையா ஆபீசுக்கு வந்தார். திருத்தணியில் என் உத்தியோகத்திலேயே இருப்பவர். சொந்த ஊர் சந்திரகிரி. ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்கிறது. அன்று அங்கே வேலையில் இருப்பவன் மெட்ராஸ் ஆள், இங்கே இருப்பவன் ஆந்திரா ஆள். பிறகு மாற்றல் என்று வாயைத் திறக்க முடியாது.

“மீக்கு திருத்தணி, நாக்கு திருப்பதி. உங்களுக்கு அது, எனக்கு இது — மாத்திக்கலாம் சார். பிப்ரவரிக்குள்ள எழுதிக் குடுத்துடணும்” என்றார்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். ஆனால் ஆண் ஈ கிடைக்காமல் பேர் வைக்க முடியாதே. அதற்கு ஒரு பெண்ணை உயிரோடு பிடித்து, புழுக்களோடு கூண்டில் விட்டு, அதன் பிள்ளைகள் வரும்வரை காத்திருக்க வேண்டும். திருத்தணியில் மைக்ராஸ்கோப்பும் இல்லை, கூண்டும் இல்லை. ஜனவரி கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

1960 ஜனவரி 4

ஹோட்டல் பையன் தினமும் கேட்கிறான், “ஒக்கரேனா சார்?” ஒருத்தர்தானா என்று. என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறான்? கடுப்பாக வருகிறது.

ஜனவரி 16

பொங்கலுக்குப் போயிருந்தேன். சந்திரம்மாவே கேட்டாள்: “என் ஈ எப்டி கீது?”

என் ஈ! பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். தலைமை டீச்சர், ‘அது கடிக்குமா?’ என்று கேட்டாராம். மெட்ராஸ் பக்கம் போகும் வீதியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள். கிணறு இருக்கிறதாம். “மாத்தல் எழுதிக் குடுத்துட்டீங்கதானே?” என்றாள். ஆகிவிடும் என்றேன். பொய் இல்லை. ஆகிவிடும்தானே?

ஜனவரி 29

கூண்டிலிருந்த புழுக்கள் எல்லாம் அழுகிப்போயின. ஏதோ நோய். நாற்றம் தாங்கவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிப்ரவரி 10

வேறு பெண் ஈ, வேறு புழுக்கள். இன்று லென்ஸில் பார்த்தேன்: ஒரு புழுவின் கழுத்தருகே வெள்ளை முட்டை! யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21

கங்கையா மறுபடி வந்தார். இன்னும் ஒரு வாரம் கேட்டேன். “பொண்டாட்டிகிட்ட போறதுக்கு வாய்தா கேக்கற ஆள இப்பதான் பாக்கறேன் சார்” என்றார். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 27

கங்கையா எத்திராஜோடு மாற்றிக்கொண்டார். எத்திராஜ் காளஹஸ்தியில் இருந்தவன்; திருத்தணி இடம் இனி அவனுக்கு. மனு கொடுத்ததும் கையெழுத்தாகிவிட்டதாம். கங்கையாவைக் குறை சொல்ல வாயில்லை. மனுஷன் எத்தனை நாள் காத்திருப்பான்?

எப்படியும் ஈ இருக்கிறது. ஈயாவது இருக்கிறது.

மார்ச் 9

கூட்டுப்புழுக்களிலிருந்து ஈக்கள் வந்துவிட்டன. பெண்கள் கறுப்பு, தாயைப் போலவே. ஆண்களைத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றின் இருபுறமும் செம்பழுப்பு.

வழக்கமான ஈ. அதேதான். பக்கத்துப் பெட்டியில் வருஷக்கணக்கில் தூங்குகிற அதே ஆண்கள்.

முள்மயிரெல்லாம் ஒத்துப்போகிறது என்று நானே எழுதியிருக்கிறேனே! கண் இருந்தது, புத்தி எங்கடா போச்சு? புதுசா வேணும், புதுசா வேணும்னு அலைஞ்சியே — இப்ப இன்னா பண்ணுவே? அவகிட்ட இன்னான்னு சொல்லுவே?

மார்ச் 13

ஞாயிறு. உடம்பு சரியில்லை என்று போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

மூன்று ஞாயிறு தட்டிக்கழித்துவிட்டு இன்று போனேன். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியபோது எல்லாம் முன்போலவே இருந்தது. ராஜ்யம் மட்டும் வேறு.

சந்திரம்மா அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டையும் சொன்னேன் — ஈயையும், மாற்றலையும். அவள் கடைசிக் காய்வரை கிள்ளி முடித்தாள்.

“பேரு போனா போவுது. நீங்க வந்திருக்கலாம்” என்றாள்.

அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்களாம். சாப்பாடு போட்டாள். நான் கிளம்பும்போது, “அந்த ஆம்பள ஈங்க எங்க இருந்துச்சி?” என்று கேட்டாள்.

“பக்கத்துப் பெட்டியில்.”

“பக்கத்துப் பொட்டியிலயா!” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வெளியே வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 11

ஏழு பெண்களையும் பழைய பெட்டிக்கு மாற்றி, ஆண்களுக்குப் பக்கத்தில் குத்தி வைத்தேன். அவள் பேருக்கென்று வெட்டி வைத்திருந்த வெற்றுச் சீட்டை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஹோட்டல் பையன் இப்போதெல்லாம் கேட்பதில்லை. என்னைப் பார்த்ததும் ஓர் இலை போட்டுவிடுகிறான்.